மண்ணுக்கும் ஒரு பர்மிட்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் 1998ஆம் வருஷத்துக் காலண்டர் ஒட்டியிருந்தது. விசா முடியும் நாள், பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நாள், கார் இன்ஸ்பெக்‌ஷன் என்று எல்லாவற்றுக்கும் என் கணவர் திருமூர்த்தி சிவப்பு மையில் வட்டம் போட்டுவைப்பார். ஒரு தேதியையும் நாங்கள் கோட்டைவிட்டதில்லை. கோட்டைவிட்டது மண்ணின் தேதியைத்தான்.

நியூ ஜெர்சியில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஹங்கேரியில் ரசாயனம் கொட்டிக் கொட்டிச் செத்துப்போன ஒரு வயலை, தீவனப்புல் விதைத்து மூன்று வருஷமாகத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வயலைப் பார்த்துக்கொள்ளும் எரிகா மண்ணை வெட்டி அனுப்புவாள். அதில் உயிரோடு இருக்கும் நுண்புழுக்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது என் வேலை. முதல் வருஷம் ஒரு கைப்பிடி மண்ணில் முந்நூறு. போன வருஷம் ஆயிரத்தைத் தாண்டியது.

கடைசி எண்ணிக்கையை ஜூன் முடிவதற்குள் கொடுத்தால் என் வேலை நீளும், அதைப் பிடித்துத் தொங்கும் விசாவும் நீளும். இல்லாவிட்டால் பழையபடி கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஏற்கெனவே பார்சிப்பனி அபார்ட்மென்டில் இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான்.

வெளிநாட்டு மண் உள்ளே வர பர்மிட் வேண்டும். அது மே மாதமே முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டியவள் நான். அந்த வாரம் என் விசா படிவங்களை மூன்று மூன்று பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் மண் பெட்டியைப் பிடித்து, சட்டப்படி சூடேற்றிய பிறகே கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சூட்டில் செத்த புழுக்கள் ஒன்றுகூட அசையவில்லை.

"போன வருஷ நம்பரோட பத்து பர்சென்ட் ஆட் பண்ணிப் போட்டுரு வசந்தா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் திருமூர்த்தி, சோற்றைப் பிசைந்தபடி.

"எனக்குத் தெரியுமுங்க."

"மறுபடி ஊட்டுல உக்காந்துக்குவியா? அப்பறம் என்னையத் திட்டப்படாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் அல்ல. மத்தியானமே எனக்கும் அதே யோசனை வந்திருந்தது, அந்தப் பத்து பர்சென்ட் உட்பட.

காலையில் எரிகாவுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் மண்டி போட்டு வெட்டியவள் அவள்.

"விவசாயி நாளைக்கு உழப் போகிறார். ஒரு மூலையை மட்டும் உழாமல் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கிறேன்," என்றாள். "பர்மிட் எப்போது கிடைக்கும்?"

"எட்டு வாரமாகும்."

தாமதமாக எண்ணினாலும் அது வயலுக்கு உதவும். எனக்குத்தான் உதவாது.

புதுப் பர்மிட் படிவத்தை எடுத்து நிரப்பினேன். எந்த நாடு, எந்த வயல், எத்தனை கிலோ, எல்லாம் மனப்பாடம். மண்ணைப் பெற்றுக்கொள்பவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மண் வரும்போது நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு பக்கத்து மேஜை ஜம்புநாதனின் பெயரை எழுதினேன்.

சாயங்காலம் ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்று ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி, ஒரு தேதிக்குச் சிவப்பு வட்டம் போட்டேன்.

"இதென்ன தேதி? நம்முளுது ஒண்ணுமில்லையே," என்றார் திருமூர்த்தி.

"மண்ணு வர்ற நாளுங்க. ஜம்புநாதன் மறந்துருவாரு. நான் ஊட்டுலதான இருப்பேன், போன் பண்ணி ஞாபகப்படுத்தோணும்."