நான்காம் டேங்கின் அடித்தகடு

செடெனாக் ஊரைத் தாண்டி, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த எண்ணெய் ஆலை. டேங்க் பரிசோதகர் செல்வராணி ஒரு திங்கட்கிழமை காலை ஸ்கூடாய் சாலை நெரிசலில் ஊர்ந்து, ஒருவழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது, நான்காம் எண் டேங்கின் கிழக்குப் பக்கம் முழுக்கக் காகிதப்பூ பூத்துக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கொட்டி, சிமெண்டில் விளிம்பு கட்டி, டேங்கின் இரும்புச் சுவரை ஒட்டியே பாத்தி போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். டேங்கின் காலடியில் தோட்டம் போட்டதை அன்றுதான் பார்த்தாள்.

"இத யாரு வச்சது?"

"நான்தான்." ஆலை மேலாளர் ராஜசேகரன் பாராட்டுக்காகக் காத்திருப்பவர்போல் நின்றார். "அஞ்சு வருஷத்துக்கு முன்ன சேர்மன் விசிட் வந்தாரு. இந்த இடத்துல நின்னுதான் போட்டோ எடுத்தாரு. ஹெட் ஆபீஸ் வரவேற்புல அந்தப் படத்தப் பெருசாக்கி மாட்டியிருக்காங்க."

"உரம் போடுறீங்களா?"

"மாசா மாசம். இல்லன்னா இப்படிப் பூக்குமா?"

"மழத் தண்ணி எங்க போகும்?"

"செடி குடிக்கும்லா," என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

செல்வராணி சிரிக்கவில்லை. டேங்க் நிற்கும் மணல் மேடை, சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்திருக்க வேண்டும். பெய்கிற மழை வெளியே வழிந்து ஓடுவதற்கு அதுதான் வழி. இந்த மனிதர் போட்டோவுக்காக அந்த வழியை அடைத்து, உள்ளே தேங்கிய தண்ணீரில் மாதம் தவறாமல் உர உப்பையும் கரைத்துவிட்டிருக்கிறார். அந்த நிமிடத்திலிருந்தே அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போனது. அதை மறைக்க அவள் பெரிதாக முயலவும் இல்லை.

டேங்கைக் காலி செய்து, கழுவி, உள்ளே காற்றைச் சோதித்து வைத்திருந்தார்கள். பதினைந்து மீட்டர் அகலம், ஈராயிரம் டன் எண்ணெய் பிடிக்கும். சுவரின் அடியில் ஆள் நுழைய விட்டிருந்த மேன்ஹோல் துளை வழியாகக் குனிந்து அவள் உள்ளே போனாள். பின்னாலேயே வெல்டிங் குத்தகையாளரின் மேஸ்திரி மணியம் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். யோங் பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். இருபது வருடம் சிங்கப்பூர் கப்பல் பட்டறைகளில் இரும்பு பற்றவைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார்.

"மேனேஜர் உள்ள வரமாட்டாரா, அண்ணே?"

"பதினோரு வருஷமா நான் பாக்குறேன், மேடம். மேன்ஹோல்ல தலைய விட்டது இல்ல."

தரை பளபளவென்றிருந்தது. பாமாயில் படிந்த இரும்பு மேல்பக்கம் துருப்பிடிக்காது, பார்ப்பவரை ஏமாற்றும். செல்வராணி முழங்காலிட்டு, தகட்டின் கனத்தை அளக்கும் கருவியை ஓரிடத்தில் வைத்தாள். ஆறு மில்லிமீட்டர். புதிதாகப் போட்டபோது இருந்த அதே கனம். நடுவிலிருந்து கிழக்குச் சுவரை நோக்கி நகர நகர எண்கள் இறங்கின. ஐந்தரை. நான்கு. சுவரை நெருங்கியதும் இரண்டுக்குக் கீழே போயிற்று. ஓரிடத்தில் கருவி எந்த எண்ணும் காட்டாமல் விழித்தது. தகடு அடிப்பக்கத்திலிருந்து அரிக்கப்பட்டிருந்தது. அந்த இடங்களையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டாள். பதினேழு வட்டங்கள், எல்லாம் பாத்திக்கு நேர் உள்பக்கம்.

மணியம் வட்டங்களைப் பார்த்தார். பிறகு சுவருக்கு அப்பால் காகிதப்பூ இருக்கும் திசையைப் பார்த்தார்.

பிற்பகலில் ராஜசேகரனின் அறைக்குப் போனாள். ஏசியில் குளிர் அதிகம் வைத்திருந்தார். அவள் சொன்னதை எழுதிக்கொள்ளாமல், பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கிழக்குப் பக்கம் அடித்தகட்ட வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். அப்புறம் டேங்க் நிறையத் தண்ணி நிரப்பி டெஸ்ட் பண்ணணும். மூணு வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழம எண்ண வருது, மேடம். வட்டம் போட்ட எடத்துல மேல ஒரு தகடு வச்சு ஒட்டிட்டாப் போச்சு. பேச் வொர்க்."

"சுவர ஒட்டி ஒட்டுப் போடக்கூடாது. டேங்க் நெறஞ்சா சுவர் வெளிய தள்ளும். அடித்தகடு வளையறதே சுவருக்குக் கிட்ட நாலு விரல் அகலத்துலதான். அங்க அடியில அரிச்ச தகட்டு மேல ஒட்டுப் போட்டா, ஒட்டோட சேந்து பிச்சுக்கும். ஏபிஐ 653 விதியில தெளிவா இருக்கு."

"அது அமெரிக்காக்காரன் பெட்ரோலுக்கு எழுதுனது. இது சமையல் எண்ண."

தகட்டுக்கு மேலே இருப்பது சமையல் எண்ணெயா பெட்ரோலா என்று தகட்டுக்கே தெரியாது என்பதை, எஞ்சினியரிங் படித்த ஒரு மேலாளருக்கு எந்த வகுப்பிலிருந்து ஆரம்பித்து விளக்குவது? செல்வராணி விளக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றாள்.

"உங்களுக்கு அனுபவம் பத்தல, அதான் பயம்." கதவைத் திறந்து மணியத்தைக் கூப்பிட்டார். "மணியம், நாளைக்கே பேச் போட ஆரம்பிச்சிரு."

மணியம் வாசலிலேயே நின்றார். "போடலாம், பொஸ். மேடம் கையெழுத்துப் போட்ட பேப்பரக் காட்டுங்க, போடுறேன்."

"கத்தி புடிச்சவன்லாம் டாக்டர் ஆயிட்டான்," என்றார் ராஜசேகரன். மணியத்தின் முகம் மாறவில்லை. ஆனால் அவர் திரும்பிப் போனபோது கதவைச் சாத்தாமல் போனார்.

மறுநாள் காலை ராஜசேகரனே ஒரு வழி கண்டுபிடித்தார். தலைமை அலுவலகத்தில் இயக்கப் பிரிவுத் தலைவியாக இருந்த லோஷினியை அலைபேசியில் வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். பரிசோதகர் வீணாகப் பயமுறுத்துகிறார், தரையை நேரில் காட்டுகிறேன் என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக மேன்ஹோலில் நுழைந்தார். வயிறு ஒருமுறை சிக்கியது. மணியம் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார். செல்வராணி உதவவில்லை.

மேன்ஹோல் கிழக்குப் பக்கமே இருந்ததால் அந்தத் துளையை ஒட்டிச் சிக்னல் கிடைத்தது. அவர் அலைபேசியைத் தரையை நோக்கிப் பிடித்தார்.

"பாருங்க மேடம், கண்ணாடி மாதிரி இருக்கு. இவங்க சாக்பீஸ்ல கோலம் போட்டு வச்சிருக்காங்க."

லோஷினியின் குரல் கரகரத்தது. "செல்வராணி, நீங்க என்ன சொல்றீங்க?"

"அடிப்பக்கம் போயிருச்சு, மிஸ். மேல ஒண்ணும் தெரியாது. சுத்தியால தட்டிப் பாத்தாத் தெரியும்."

"தட்டலாமே," என்றார் ராஜசேகரன். "நானே தட்டுறேன். சுத்தியக் குடு, மணியம்."

மணியம் செல்வராணியைப் பார்த்தார். அவர் கையில் இருந்தது ஒருமுனை தட்டையாகவும் மறுமுனை கூராகவும் இருக்கும் சுத்தி. துரு உதிர்க்க வெல்டர்கள் வைத்திருப்பது. செல்வராணி லேசாகத் தலையசைத்தாள். எந்த வட்டத்தில் கருவி விழித்தது என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் விரலால் காட்டினாள். தள்ளி நின்று தட்டுங்கள் என்று எச்சரிக்க வேண்டியது அவள் கடமை. சொல்லவில்லை. அந்த நொடியில், அந்த ஆளின் பளபளத்த காலணியைப் பார்த்தபோது, சொல்லத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

ராஜசேகரன் ஒரு கையில் அலைபேசியைப் பிடித்தபடி மறுகையால் கூர்முனையை ஓங்கி இறக்கினார்.

சத்தம் 'டங்' என்று வரவில்லை. தகர டப்பாவைக் குத்தியதுபோல் வந்தது. சுத்தி கைப்பிடிவரை உள்ளே போனது. அவர் பிடுங்கியபோது, ஐந்து வருடம் தேங்கிய மழையும் உரமும் துருவும் கலந்த கறுப்புத் தண்ணீர், ஊற்றுப்போல் எழும்பி அவர் கால்சட்டையை முழங்கால்வரை நனைத்தது. அழுகிய முட்டை நாற்றம் டேங்க் முழுவதும் பரவியது.

"அலமாக்," என்றார் அவர், ஐயோ என்பதுபோல் மிக மெதுவாக.

அலைபேசியில் லோஷினி, "அங்கயா ரெண்டாயிரம் டன் எண்ண ஊத்தப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்றே பழுதுபார்க்க அனுமதி வந்தது. பாத்தியைத் தோண்டி எறிந்தார்கள். மணியத்தின் ஆட்கள் கிழக்குப் பக்கச் சுவரின் அடியில் கீறி, அரித்த தகட்டை வெட்டி இழுத்துப் போட்டார்கள். வெளிச்சத்தில் அது பிஸ்கட்போல் நொறுங்கியது. புதுத் தகட்டின் ஒவ்வொரு பற்றவைப்பின்மேலும் சோப்புத் தண்ணீர் பூசி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சிப் பார்த்தாள் செல்வராணி. ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஓரிடத்தில் வந்தது. மணியம் தானே உட்கார்ந்து அதை அரைத்தெடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்தார். அதன்பின் டேங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி, ஒரு முழு நாள் நிறுத்தி வைத்தார்கள். ஒரு சொட்டும் கசியவில்லை. மொத்தம் பத்தொன்பது நாள். செல்வராணி கையெழுத்திட்டாள்.

அதற்கு மறுவாரம் ராஜசேகரன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் அவளுக்கும் வந்தது. முதல் பக்கத்திலேயே, தரைத் தகட்டில் துளை ஏற்பட்டதற்குக் காரணம் 'பரிசோதகர் தரப்பு வழங்கிய பொருத்தமற்ற சுத்தி' என்று எழுதியிருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். கோபம் வரவில்லை. தட்டில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோன்ற அருவருப்புதான் வந்தது. பதிலாக இரண்டே வரி அனுப்பினாள்: 'சுத்தி பொருத்தமானது. அது எந்தத் தகட்டுக்குள் போனது என்பதற்கான அளவீடுகளும் படங்களும் இத்துடன்.'

மறுநாள் அவர் கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது.

"அக்கா, உங்க ரிப்போர்ட்டுல அந்தத் தோட்டத்தப் பத்தி ஒரு பேரா இருக்கு. அத மட்டும் எடுத்துரலாமா? சேர்மன் போட்டோ சம்பந்தப்பட்டது, பாருங்க."

"எடுக்க முடியாது, சார். காரணம் எழுதாட்டி அது ரிப்போர்ட் இல்ல."

"நம்ம தமிழ் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கணும்க்கா."

"கத்தி புடிச்சவன்லாம் டாக்டர்னு நீங்க மேஸ்திரியச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அவரும் நம்ம ஆளுதான்." அவர் பதில் தேடுவதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

ராஜசேகரனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆறு மாதம் கழித்து, 'பெரும் கசிவைத் தக்க தருணத்தில் தாமே நேரடியாகக் கண்டுபிடித்ததற்காக' நிறுவனத்தின் பாதுகாப்பு விருதை அவருக்குக் கொடுத்து, எல்லா ஆலைகளுக்கும் பராமரிப்புத் தலைவராக உயர்த்தினார்கள். நேரடியாக என்ற சொல் ஒருவகையில் உண்மைதான் என்று செல்வராணி நினைத்துக்கொண்டாள். சுத்தியைப் பிடித்தது அவர் கைதானே.

அவர் கையெழுத்தோடுதான் அடுத்த கடிதமும் வந்தது. இன்னும் ஆறு டேங்குகளைத் திறந்து பார்க்க வேண்டும், பரிசோதகராக அவளே வேண்டும் என்று. லோஷினியின் கட்டளையாக இருக்கும். இல்லாவிட்டால் அவர் அவள் பெயரை எழுதியிருக்கமாட்டார். வேண்டாம் என்று எழுத முதலில் கை போனது. அப்புறம் யோசித்தாள். அவள் போகாவிட்டால், படத்தைப் பார்த்தே கையெழுத்துப் போடுகிற ஒருவனைத்தான் அவர் பிடிப்பார்.

மணியத்துக்குப் போன் போட்டாள். "ஆறு டேங்க் இருக்கு, அண்ணே. வர்றீங்களா?"

"அவரு உள்ள வருவாரா?"

"இனி எங்க வரப் போறாரு."

"அப்ப வரேன்," என்றார் மணியம்.