ஒரே ஒரு நாம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். அழைப்பு மணி இருந்தது. அவர் போன பிறகு வைத்தது என்பதால் அவருக்கு அது தெரியவில்லை.

அவள் திறந்தாள். கணவர் நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. பையிலிருந்து விறகுப் புகை வாசனை வந்தது. "உள்ள வாங்க" என்று அவள் சொல்லும்வரை வாசலிலேயே நின்றார்.

இரண்டு வருட ஊழியம் என்றுதான் சபை அனுப்பியது. கடல் தாண்டி ஒரு தீவு. அவரும் இன்னொரு ஊழியரும் போனார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. மகளுக்கு அப்போது எட்டு வயது. அதனால் தாயும் மகளும் இங்கேயே தங்கினார்கள். இரண்டு நான்காயிற்று. நான்கு ஆறாயிற்று. மாதம் ஒருமுறை ஃபோன் வரும், அதிலும் பாதி காற்றுச் சத்தம்.

ரொட்டியும் முட்டையும் வைத்தாள். அவர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நமக்குத் தந்த இந்த உணவுக்காக நன்றி. நம்முடைய குற்றங்களை மன்னியும். நம்மை வழிநடத்தும். ஆமென்."

மகள் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"அப்பா, ஆண்டவர் என்ன குத்தம் பண்ணாரு?"

"என்னது?"

"நம்முடைய குற்றம்னீங்களே. எங்களோடதுன்னு சொன்னா நம்ம மூணு பேரோட போயிடும். நம்மளோடதுன்னா அவரும் சேர்ந்துடுவாருல்ல?"

அவர் வாயில் ரொட்டியோடு சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார்.

"அங்க ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் பாப்பா. நாம, நாங்க எல்லாம் ஒண்ணு. பேசிப் பேசி நாக்கு அப்படியே பழகிடுச்சு."

"பாப்பான்னு கூப்பிடாதீங்க. சரி, அப்ப நம்மள சேத்துக்கிட்டாங்களா, கழட்டி விட்டாங்களான்னு எப்படித் தெரியும்?"

"நானும் அங்க பக்கத்து வீட்டுத் தச்சர்கிட்ட இதத்தான் கேட்டேன். கேக்க வேண்டியிருந்தா சேக்கலன்னு அர்த்தம்னாரு."

மகளுக்கு அது பிடித்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் பக்கம் நிறைந்தது. மருந்துக் கடைக்காரரிடம் அவர், "நாம கல்யாணம் பண்ணி பதினேழு வருஷம் ஆச்சு" என்றிருக்கிறார். "நமக்கா? எனக்கு யாருமே சொல்லலையே பார்ட்னர்!" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் பார்ட்னர். மாடி வீட்டுப் பெண்ணிடம், "நமக்கு ஒரே பொண்ணுதான்" என்று சொல்ல, உள்ளேயிருந்து அவள் புருஷன் எட்டிப் பார்த்தான்.

மனைவிக்கும் சிரிப்புதான். ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. வரிசையில் வருகிறவர்களுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். ஒருநாள் மாடி வீட்டு விஷயம் நினைவுக்கு வந்து தானாகச் சிரித்துவிட்டாள். "குத்தறதுல அவ்வளவு சந்தோஷமா?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் மிஷன் செயலாளரோடு ஃபோனில் பேசினார்.

"ஆமாங்கய்யா. சம்மதம்தான். ஜூன் மாசம் நாம திரும்பிப் போறோம்."

கையில் ஈரப் போர்வை. பாதி கொடியில் கிடந்தது. பாதியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது.

நாம். செயலாளர் எங்கும் போகிறவர் அல்ல, நாற்காலியைவிட்டு எழுவதே அபூர்வம். ஆகவே அது அவரும் கூடப் போயிருந்த அந்த ஊழியருமாக இருக்கலாம். அவரும் அவளும் மகளுமாகவும் இருக்கலாம். பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் அவளுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை. ஒருவர் வாயைத் திறந்தாலே தான் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிவது ஒரு வசதி என்று இப்போதுதான் பட்டது.

எது வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். விட்டுவிட்டுப் போனால், இன்னொரு ஆறு வருடம். சேர்த்துக்கொண்டால், மகளின் படிப்பு, இந்த வேலை, இந்த வீடு. அதையும் தன்னைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார். இரண்டில் எதற்கும் மனம் தலையாட்டவில்லை. ஆனால் எது என்று தெரிய வேண்டும் என்கிற அரிப்பு மட்டும் போகவில்லை.

கேட்டுவிடலாம். கேட்டால் அவர் யோசிப்பார். யோசித்து, அவள் மனம் நோகாத ஒரு வார்த்தையாகப் பொறுக்கிச் சொல்வார். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. யோசிக்காமல் சொன்னாரே, அப்போது அந்த வார்த்தைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதுதான்.

போர்வையின் மறுபாதியையும் கொடியில் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் மகளின் அறிவியல் புத்தகத்தை வாங்கி நெடுநேரம் புரட்டினார். "எல்லாமே மாறிடுச்சே" என்றார். அது அப்பாவின் கவலையா, பள்ளிக்கூடம் இல்லாத தீவில் மகளுக்குத் தானே வாத்தியாராகப் போகிறவரின் கணக்கா என்று கதவோரம் நின்று பார்த்தாள். பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தன்னோடு திரும்பி வந்திருந்த அந்த ஊழியரோடு தனியே பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனதும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். உண்மையாகவே வெயில் அதிகம்தான்.

திங்கட்கிழமை காலை லேபுக்கு வந்தார். தீவுக்குப் போகிறவர்களின் ரத்தப் பரிசோதனைக்காக மிஷன் கொடுத்த படிவத்தை முன்மேசைப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, வரிசையில் நின்று, முறை வந்ததும் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"வெறும் வயிறுதானே?" எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"நீதான காப்பி தரல."

ரப்பர் பட்டையைக் கட்டினாள். "கைய மூடுங்க." நரம்பைத் தேடிய விரல் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பில் நின்றது. விரல் நீளம், வெளுத்துப்போய், இரண்டு இடத்தில் தையல்.

"இது என்ன?"

"கத்தி வழுக்கிடுச்சு. நாலு வருஷம் ஆச்சு."

"ஃபோன்ல சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ பயப்படுவ."

"யாரு தையல் போட்டா?"

"தச்சர்தான்." சிரிக்கப் பார்த்தார். "மரத்துக்கு ஆணி அடிக்கற மாதிரிதான் போட்டாரு."

அவள் தழும்பை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு பஞ்சால் துடைத்து ஊசியை இறக்கினாள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறியது. வழக்கமாக ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், இன்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

முன்மேசைப் பெண் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"அக்கா, சார் இதுல போறவங்க பேரே எழுதல. மொத்தம் எத்தனை பேருக்கு டெஸ்ட் போடணும்?"