தாகம்னு எழுதுங்க

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அதை வசவாகத்தான் வைத்தார்கள். பத்தொன்பது வருடம் அவள் இருந்த பராமரிப்பு இல்லத்தில் ‘ஏன்?’ என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். ஏன் எட்டு மணிக்கே விளக்கை அணைக்கணும், என் சட்டையை ஏன் நீங்களே எடுத்து வைக்கிறீங்க என்று கேட்டுக் கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கினாள். இப்போது அதே வாய்க்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கற்றல் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் இல்லங்களைச் சோதிக்கப் போகும்போது, அப்படி ஓர் இடத்தில் இருந்து வந்த ஒருவரும் கூடப் போக வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. ஆய்வாளர் அம்மாவோடு வாரத்தில் இரண்டு நாள் வாயாடி கிளம்பிவிடுவாள். வாசிப்பதென்றால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். ஆனால் கண்ணில் பட்டதை அவள் விட்டதே இல்லை.

அன்றைக்குப் போன இல்லம் பளிச்சென்று இருந்தது. புது வண்ணம், பூந்தொட்டி, சுவர் நிறையச் சிரிக்கிற புகைப்படங்கள். உள்ளே நுழைந்ததும் தரை கழுவிய மருந்து வாசனை மூக்கில் ஏறியது; அவள் இருந்த இல்லத்திலும் இதே வாசனைதான். ஒரு நிமிடம் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்புறம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை முன்பக்கம் திருப்பி விட்டுக்கொண்டு நடந்தாள்.

மேலாளர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஆய்வாளரிடம் கேட்டார்: “மேடம், அவங்களுக்கு டீ வேணுமா?”

“என்கிட்டயே கேளுங்க சார், காது நல்லாக் கேட்குது. சர்க்கரை கம்மியா ஒண்ணு,” என்றாள் வாயாடி.

மேலாளர் முகம் சிவந்தது. ஆய்வாளர் அம்மா கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

கோப்புகளில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாத் தாளிலும் கையெழுத்து, எல்லாக் கையெழுத்துக்கும் தேதி. வாயாடி டீயைக் குடித்துவிட்டு, “நான் சும்மா சுத்திப் பார்க்கிறேன்,” என்று எழுந்தாள்.

சமையலறைக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அதன் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க நெட்டை மனிதர் ஒருவர் நின்று விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. முட்டிகள் காய்த்துப் போயிருந்தன.

பின்னாலேயே வந்த மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “இவருக்குப் பேச்சு வராது. ஆட்டிசம். நாள் முழுக்க இப்படித்தான் தட்டுவார். தடுத்தா தள்ளிவிடுவார். எல்லாம் கோப்புல இருக்கு.”

வாயாடி அந்த மனிதர் பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக நிற்காமல், தோளோடு தோளாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்துக்கு முன்னால் வந்து நிற்பவர்களை அவளுக்கும் பிடிக்காது. கால் மணி நேரம் போனது. அவள் வாயைத் திறக்காமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும். அந்த மனிதர் நாக்கால் உதட்டைத் தடவினார். உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கொண்டுபோய்க் கதவின் சாவித்துளை மேல் வைத்தார்.

“சார், இவருக்குத் தண்ணி வேணும்.”

“சாப்பாட்டோட கொடுக்கிறோமே. அதிகம் கொடுத்தா படுக்கையை நனைச்சிடுறார். அதான் அளவு வெச்சிருக்கோம்.”

“அமைதியா இருக்கறதுக்கு மாத்திரை கொடுக்கிறீங்களா?”

“ஆமா, டாக்டர் எழுதினதுதான்.”

“எனக்கும் கொடுத்தாங்க, நாலு வருஷம். வாய்க்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். குழாயைப் பார்த்தா அழுகை வரும்.” அவள் கதவின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. “கதவைத் திறங்க சார்.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சமையல்கார அக்காவே கதவைத் திறந்துவிட்டாள். எதிரே மேலாளரைக் கண்டு ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். நெட்டை மனிதர் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு சொம்பும் போனது. அப்புறம் அவர் கதவை விட்டு நகர்ந்து, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

“தண்ணிக்குத்தான் தட்டுறார்னு நான் ரெண்டு தடவை சொன்னேம்மா,” என்றாள் சமையல்கார அக்கா. “அடுப்படியோட நில்லுன்னு சொல்லிட்டாங்க.”

ஆய்வாளர் அம்மா மருந்துத் தாள்களை மறுபடி எடுத்தார். இந்த முறை தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். தட்டுவது அதிகமானது என்று குறிப்பு. அடுத்த வாரமே மாத்திரை அளவு கூடியிருந்தது. மறுபடி தட்டுவது அதிகம்; மறுபடி மாத்திரை. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி எந்த டாக்டரும் எங்கேயும் எழுதவில்லை. மேலாளர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் காரிலேயே ஆய்வாளர் அறிக்கையை எழுதிப் படித்துக் காட்டினார். “‘இல்லவாசி ஒருவர் நீர் அருந்தும் வாய்ப்புகள் போதிய அளவில் உறுதி செய்யப்படவில்லை.’ சரியா இருக்கா?”

“யாருக்குப் புரியும் அது? தாகம்னு எழுதுங்க. தாகத்தோட நின்னார், கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதுங்க.”

“அலுவலகத்துல இப்படி எழுத மாட்டாங்களே.”

“அதான் அலுவலகத்துக்கு ஒண்ணும் புரியறதில்லை.”

ஆய்வாளர் பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார். அறிக்கை அப்படியே போனது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆறு வாரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனார்கள். சமையலறை திறந்தே கிடந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். நெட்டை மனிதர் மேடையருகே உட்கார்ந்து, சமையல்கார அக்காவுக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று உரித்தால் ஒன்று அவர் வாய்க்குப் போனது. முட்டியில் புதுத் தோல் வந்திருந்தது. படுக்கை சில நாள் நனையத்தான் செய்தது. விரிப்பை மாற்றினால் ஆயிற்று, அதற்குத்தானே ஆள் இருக்கிறது என்றாள் அக்கா.

மேலாளர் வாயாடிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “இத்தனை நாள் எனக்கு ஏன் தோணலைன்னு தெரியலம்மா.”

“தட்டினதை எண்ணினீங்க சார். எதுக்குத் தட்டுறார்னு கேட்கலை.”

அவர் தலையாட்டினார். “வேற ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க.”

“மாடியில ஒரு அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே வாயாடி எழுந்தாள். “வாங்க, காட்டுறேன்.”