பிடிச்சா போகும்

கிளட்ச் பிடிக்க மாட்டேங்குது என்று அக்கா போனில் சொன்னபோதே மெக்கானிக்குக்கு நோய் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பஸ் பணிமனையில் கிளட்ச் தட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன். பிடிக்கவில்லை என்றால் பெடலை மிதித்தும் தட்டு விடுபடவில்லை என்று அர்த்தம். இறுக்கம் அதிகம், கொஞ்சம் தளர்த்தினால் சரி. இதற்கு ஒரு நாள் லீவே அதிகம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பி வந்தான்.

கொட்டகையில் நின்றது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் அறுபது வருஷத்து டிராக்டர். அதற்கு மிதிக்கிற கிளட்ச் கிடையாது. கைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு லீவர், அவ்வளவுதான். மாமாவின் இடது முழங்காலில் கம்பி வைத்து மூன்று வாரம் ஆகிறது. இனி அந்தக் கால் மடங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மடங்காத காலோடு அவர் ஓட்டக்கூடிய வண்டி இது ஒன்றுதான். நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். வண்டி ஓடினால் உழுவேன், இல்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று கட்டிலில் படுத்தபடியே அக்காவிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த மனுஷன் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

மெக்கானிக் கிளட்ச் மூடியைக் கழற்றினான். உள்ளே மூன்று நட்டு. ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, எஞ்சினைக் கிளப்பி கியரைப் போட்டான். லீவரை முன்னால் தள்ளுவது பெடலை மிதிப்பது மாதிரி, பின்னால் இழுப்பது விடுவது மாதிரி என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். தள்ளினான், வண்டி நின்றது. சரிதானே என்று தோன்றியது. மெதுவாகப் பின்னால் இழுத்தான், அப்போதும் நின்றது. எஞ்சினை நிறுத்தி இன்னும் அரைச் சுற்று தளர்த்தினான். காலையில் முக்கி முனகி இரண்டடியாவது நகர்ந்ததே என்றாள் அக்கா. இப்போது லீவர் ஆடுகிற பல் மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தது. வண்டி அசையவே இல்லை. இப்படியும் நிற்கிறது, அப்படியும் நிற்கிறது, இது என்ன ரகம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவரையே கேட்டுவிடு என்று அக்கா போனைப் போட்டு நீட்டினாள்.

"மாமா, கிளட்ச் பிடிச்சா வண்டி என்ன ஆகும்?"

"பிடிச்சா போகும்."

"போகுமா? அப்ப விட்டா?"

"விட்டா நிக்கும். இது என்ன மாப்ள கேள்வி?"

மெக்கானிக் போனைப் பொத்திக்கொண்டு, மாமாவுக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று அக்காவிடம் விசாரித்தான். நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்குக்கூடத் தெரியும், கிளட்சைப் பிடித்தால் வண்டிக்கு இழுவை கிடையாது, விட்டால்தான் போகும் என்று. இவரானால் தலைகீழாகப் பேசுகிறார். மறுபடியும் கேட்டான், அதே பதில். அப்படியென்றால் தள்ளுவது பிடிப்பதா, விடுவதா? கையில் பிடித்துக்கொண்டிருப்பது எந்தக் கணக்கில் சேரும்? கடைசியில் தான் என்ன கேட்கிறோம் என்பதே அவனுக்குக் குழம்பிப்போனது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"பேசாம இதை வித்துட்டு, காலால மிதிக்கிற கிளட்ச் வண்டியா ஒண்ணு வாங்குங்க மாமா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள்தான் போனை வாங்கினாள். "ஏங்க, எது எதைப் பிடிச்சா போகும்?"

"தட்டு தட்டைப் பிடிச்சாத்தான். வேற எது? லீவரைத் தள்ளினா பிடிக்கும், இழுத்தா விட்டுடும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இவன் நாம கிளட்சைப் பிடிக்கிறதைச் சொல்றான்."

ஆக, பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்த தட்டை இன்னும் பிடிக்காமல் செய்வதற்குத்தான் அவன் லீவு போட்டு வந்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தளர்த்திய ஒரு சுற்றையும் இறுக்கி, அதற்கு மேலும் இறுக்கினான். வண்டியில் ஏறி நின்று இரண்டு கையாலும் லீவரை முன்னால் தள்ளினான். லீவர் டக்கென்று இடத்தில் விழுந்தது. வண்டி முன்னால் பாய, அவசரமாக இழுத்து நிறுத்தினான். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஓடுது மாமா என்று போனில் கத்தினான். அந்தப் பக்கம் சந்தோஷம் எதுவும் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் மாமா கேட்டார்:

"உட்கார்ந்துக்கிட்டுத் தள்ளினியா, எழுந்து நின்னுக்கிட்டா?"

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். மூன்று நட்டையும் ஒரே அளவாக, துளி தளர்த்தினான். தள்ளிப் பார்த்தான், கனமாக இருந்தது. இன்னும் துளி. அதிகம் தளர்த்தினால் மறுபடி வழுக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஏழாவது தடவை எஞ்சினைக் கிளப்பி இருக்கையில் உட்கார்ந்தான். இடது காலை மடக்காமல் கட்டையாக நீட்டிக்கொண்டான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே போனை அவன் பக்கம் நீட்டிப் பிடித்தாள். ஒரு கையால் தள்ளினான். தட்டு பிடித்தது, வண்டி கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்தது.

"உட்கார்ந்துக்கிட்டேதான் மாமா," என்றான். "காலை நீட்டினபடியே."