ஏற வேண்டிய எண், இறங்க வேண்டிய எண்

"ரெண்டாயிரத்து நூறு," என்று ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொன்னார் டாக்டர் ராகினி. என் வீட்டுக்காரர் அங்கமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கும்தான். மூன்று மாதத்துக்கு முன் வெறும் அறுநூற்று நாற்பது.

"பாத்தியா திலகா!" என்று என் முழங்கையை இடித்தார்.

"அங்கிள், இது நல்ல செய்தி இல்ல. இதயம் கஷ்டப்பட்டா ரத்தத்துல இந்தப் புரோட்டீன் கூடும். கூடக்கூட பின்னாடி ஆபத்து அதிகம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அதெப்படி டாக்டர்? ஸ்கேன்ல முப்பத்தஞ்சு விழுக்காடு, அது ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப இது இறங்கணுமா? எங்களுக்கு என்னான்னு புரியும்?"

"அது இதயம் பம்ப் பண்ற பலம், ஆன்ட்டி. இது ரத்தத்துல உள்ள புரோட்டீன். ரெண்டும் வேற லா."

புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் ரப்பர் மரம் சீவியவர்கள் நாங்கள். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி பாலைச் சோதித்து, அதில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சொல்வார். ஏறினால் அன்று வீட்டில் கோழிக்கறி. இறங்கினால், பாலில் தண்ணீர் கலந்தாயா என்று ஏச்சு வாங்குவோம். எண் இறங்கிச் சந்தோஷப்பட்ட ஒருத்தரையும் நான் அங்கே பார்த்ததில்லை.

"அங்கிள், அடிக்கடி யூரின் போக வைக்குமே, அந்த வெள்ள மாத்திர, ஒழுங்கா சாப்புடுறீங்களா?"

"இவ எடுத்துக் குடுக்குறத எல்லாம் முழுங்குறேன் லா."

அந்த மாத்திரை தொடங்கிய பிறகுதான் எண் ஆயிரத்து நானூறிலிருந்து அறுநூற்று நாற்பதுக்கு விழுந்தது. நல்லா இறங்கியிருக்கு என்று நர்ஸ் சொன்னபோது, ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். சனியன், மனுஷனின் ரத்தத்தையே தண்ணீராக்குகிறது என்று அதை மட்டும் கடைசி ஒன்றரை மாதமாகக் காலி மைலோ டின்னில் ஒதுக்கி வைத்தேன். அவர் கால் தடித்தது, எடை மூன்று கிலோ கூடியது. நீர் கோத்தது என்று தெரியாமல், உடம்பு தேறிவிட்டார் என்று அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டேன், பாவி.

"நான்தான் குடுக்கல," என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்த ஒன்றரை மாசத்துல, டாக்டர், இவருக்கு எத்தன வருஷம் போச்சு?"

"அப்படி சொல்ல முடியாது, ஆன்ட்டி. இந்த நம்பர் உள்ள நூறு பேர்ல எத்தன பேருக்கு ஆபத்துன்னு சொல்லலாம். இவருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது. மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க. அடுத்த மாசம் மறுபடி ரத்தம் எடுப்போம்."

அந்த நூறு பேரில் இவர் எந்தப் பக்கம்? கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மைலோ டின்னைத் திறந்து மாத்திரையை நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது ஏத்துமா, இறக்குமா?"

"இறக்கும்."

"இறங்குனா நல்லதா?"

"நல்லதுதாங்க."

"நீ சொன்னா சரி புள்ள," என்று வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.