எண்ணெய் டின்

காளிராஜ் ஒரு வார லீவில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே நல்லெண்ணெய் டின்னும் ஒரு குலை இளநீரும் வீட்டுக்கு வந்துவிட்டன. எதற்கென்று அவன் தங்கச்சி அனுசுயா கேட்கவில்லை. அவர்கள் வகையறாவில் கேட்க வேண்டியதில்லை. எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற கிழடுகளுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீராக ஊற்றுவார்கள். காய்ச்சல் கண்டு ஆள் முடிந்துவிடும். தலைக்கூத்தல் என்று அதற்குப் பெயர் வேறு.

அப்பா சேவுகப்பெருமாள் பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார். பேச்சு போய்விட்டது. ஆனால் காது கேட்கும், எல்லாம் புரியும். அடுத்த தெருவில் வாக்கப்பட்ட அனுசுயாதான் வேளாவேளைக்கு வந்து ஊட்டுகிறாள்.

டின் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. கஞ்சிக் கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பாத்தியா, சாப்பாடும் நின்னு போச்சு. அவரே போகணும்னு முடிவு பண்ணிட்டாரு" என்றான் காளிராஜ்.

"காரைக்குடி டாக்டரே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாருல்ல" என்றார் சித்தப்பா சின்னக்கருப்பு, கோழிக்கறியை மென்றுகொண்டே.

"மாத்திரை எழுதிக் குடுத்து, வீட்டுல வச்சுப் பாருங்கன்னாரு சித்தப்பா. அதை இப்படித்தான் வெளங்கிக்கிட்டீகளா?" என்றாள் அனுசுயா.

"கோர்ட்டே கருணைக்கொலைக்கு அனுமதி குடுத்திருச்சு. நீ பேப்பர் பாக்குறதில்லையா?" என்றான் காளிராஜ்.

"அது, இனிமே பொழைக்க மாட்டாகன்னு டாக்டருக கூடிப் பேசி மெஷினை எடுக்குறது. ஊசி போட்டுக் கொல்றதுக்குக்கூட நம்ம நாட்டுல சட்டம் இல்லை. இங்க மெஷின் எங்கண்ணே இருக்கு? போன வாரம் கையைக் காட்டிப் பணியாரம் கேட்ட மனுசன். அவரைக் கேட்டியா நீ?"

"அவரு வேதனை உனக்குத் தெரியுமா?"

"உன் லீவு முடியப்போறது தெரியும்."

சித்தப்பா எலும்பை உறிஞ்சிவிட்டு, பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். உள்ளே கிடக்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். கேட்டால்தான் என்ன என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்ளரில் தண்ணீரோடு உள்ளே போனாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாத்தாவுக்கு எண்ணெய் வைத்ததும் இவர்தான், இளநீர் ஊற்றியதும் இவர்தான். நல்ல மகன் என்று சாதிசனம் மெச்சியது. அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று இவருக்குத் தெரியும். சாவதற்காக வாயை மூடவில்லை இந்த மனுசன். பிழைப்பதற்காக மூடியிருக்கிறார்.

"வெறும் தண்ணிதாம்ப்பா."

பல் இன்னும் இறுகியது.

அவள் அந்தத் தம்ளரிலிருந்து தான் ஒரு வாய் குடித்தாள். அது அவள் தொண்டையில் இறங்குவதையே அவர் பார்த்தார். பிறகு உதடு பிரிந்தது. நெஞ்சு நனைய மடக்மடக்கென்று குடித்தார்.

அனுசுயா டின்னைத் தூக்கிக்கொண்டு போய், எல்லார் கண்ணெதிரிலும் குப்பைக்குழியில் கவிழ்த்தாள்.

"இனி இந்த வீட்டுக்குள்ள இன்னொரு டின் வந்துச்சு, போலீஸ்தான் வரும்."

"நல்ல செக்கெண்ணெய், வீணாப் போச்சே" என்றார் சித்தப்பா.

காளிராஜ் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டான். அப்பா இப்போது சாப்பிடுகிறார். ஆனால் ஒவ்வொரு வேளையும் முதல் கரண்டியை அனுசுயா தின்று காட்ட வேண்டியிருக்கிறது. அதுவரை வாயைத் திறப்பதில்லை. பெற்ற மகள் கையையும் அப்படிப் பார்க்க வைத்துவிட்டார்களே என்று அவளுக்கு இன்னமும் ஆறவில்லை.