நாற்பதாவது வாய்

முப்பத்தொன்பது வாய்களைத் திறக்க வைத்து அளந்து முடித்த பிறகு, நாற்பதாவது வாய்க்காக நான்கு மாதம் காத்துக் கிடந்தாள் அளவுக்காரி. பல் மருத்துவமனையில் அவளுக்கு அதுதான் பெயர். எந்நேரமும் கையில் ஒரு துணி டேப், ஒரு குட்டி ஸ்கேல், கொஞ்சம் பஞ்சு. கடைவாய்ப் பல்லை அறுத்தெடுத்தவர்களுக்குக் கன்னம் எவ்வளவு வீங்கியிருக்கிறது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, உதட்டில் உணர்வு இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் அவளுடைய மேற்படிப்பு ஆய்வு. மூன்று வருடமாக இதே பிழைப்பு. எதிரில் யார் வந்தாலும் இவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள் என்று கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். பொய்யில்லை.

பேருக்குத்தான் அவள் ஆய்வு. உண்மையில் அது பெரியவருடையது. துறைத் தலைவரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கீழ்த்தாடையில் புதைந்து கிடக்கும் பல்லை எடுக்க மற்றவர்கள் ஈறை அகலமாகத் திறந்து எலும்பைச் செதுக்குவார்கள். பெரியவர் ஒரு சின்னக் கீறல் போட்டு, பல்லை உள்ளேயே உடைத்துத் துண்டு துண்டாக எடுத்துவிடுவார். வீக்கம் குறைவு, வலி குறைவு என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் பழைய முறை, ஆறு வாரம் கழித்து மறுபக்கம் புது முறை, இல்லையென்றால் மாற்றி. எந்தப் பக்கம் எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஸ்கேல் தானாகவே தலைவர் பக்கம் சாயும், மனுஷக் கை அப்படி.

நெறிமுறைக் குழு ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தது. எந்தப் பக்கமானாலும் சரி, மூன்று பேருக்கு ஒரு மாதம் தாண்டியும் உதடு மரத்தே இருந்தால், ஆய்வை அந்த இடத்திலேயே நிறுத்தி உறைகளைப் பிரிக்க வேண்டும். இதுவரை இரண்டு பேர். மூன்றாவது வந்தால் மூன்று வருடமும் கோவிந்தா. அவள் பட்டமும் அதோடு போகும்.

நாற்பதாவது ஆள் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களுக்கு ஒரு பக்கப் பல்தான் புதைந்திருந்தது, அல்லது சர்க்கரை இருந்தது, அல்லது பயம் இருந்தது. அப்போதுதான் அக்கா, "ஏண்டி, எனக்கு ரெண்டு பக்கமும் புதைஞ்சுதானே கெடக்கு? மழை வந்தா உயிர் போகுது. என் வாய எடுத்துக்கயேன்," என்றாள். அக்கா தையல்காரி. அம்மா அப்பா போன பிறகு மெஷினை மிதித்து மிதித்துத் தங்கையை டாக்டராக்கியவள். கேட்டதும் அளவுக்காரிக்குப் பகீர் என்றது. கூடப் பிறந்தவளை ஆய்வில் சேர்க்கலாமா? படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டமே இருக்கிறது.

"அத சும்மா விடும்மா," என்றார் பெரியவர். "அக்கா வாயா இருந்தா என்ன, அடுத்த வீட்டுக்காரங்க வாயா இருந்தா என்ன? பல்லு பல்லுதான்." கட்டம் காலியாகவே இருந்தது. அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

இடது பக்கம் முதலில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து உணர்வுச் சோதனை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பஞ்சை மெல்லிசாகத் திரித்து உதட்டிலும் முகவாயிலும் பத்து முறை தொடுவாள். ஒவ்வொரு தொடலுக்கும் 'ஆமா' சொல்ல வேண்டும். அக்கா பத்துக்குப் பத்து 'ஆமா' சொன்னாள். அளவுக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆறாவது வாரச் சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வினை வந்தது. அக்கா வெட்டு மேசைமேல் குனிந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைத் துணியில் மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நாலைந்து குண்டூசிகள் உதட்டோரத்தில். இருபது வருடப் பழக்கம். ஊசியைக் கவ்விக்கொண்டே சண்டை போடுவாள், கணக்குச் சொல்வாள், சிரிப்பாள். சொட்டென்று துணியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

"ஐயையோ, இது எங்கேருந்து?" என்று அக்கா துணியைப் புரட்டிப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மேசைக்கடியில் பார்த்தாள்.

ஒரு ஊசி அவள் கீழுதட்டின் இடது பக்கத்தில் குத்தி நின்றுகொண்டிருந்தது. ரத்தம் முகவாய் வரை கோடு போட்டிருந்தது. உதட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினாள் அக்கா.

"அக்கா, ஊசி குத்தியிருக்கு."

"அதுவா... தெரியும்டி. சுருக்குன்னு இருந்துச்சு. துணி பாழாப்போச்சேன்னுதான் பார்த்தேன்." உடனே ஊசியைப் பிடுங்கிவிட்டு உள்ளே போனாள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் வேகமாகச் சொல்வாள்.

மறுநாள் சோதனை நாற்காலியில் அக்கா சட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடினாள். அளவுக்காரி பஞ்சைத் திரித்தாள். முதல் தொடல். "ஆமா." இரண்டாவது. "ஆமா." மூன்றாவதற்குக் கையை உதட்டின் பக்கமே கொண்டுபோகவில்லை. பஞ்சைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா," என்றாள் அக்கா.

அவள் அசையவில்லை.

"ஆமா." சரியான இடைவெளியில் அடுத்ததும் வந்தது. "ஆமா."

தப்பு யாருடையது என்பது அளவுக்காரிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட காலத்தில் இரண்டு மாதம், மாலைதோறும், பழகிப் பார்த்தது அக்காவின் உதட்டில்தான். தொடு, ஒண்ணு, ரெண்டு, மூணு, தொடு. இடைவெளியை மாற்றி மாற்றித் தொடு என்று புத்தகம் சொல்கிறது. பழகின கை கேட்கவில்லை, ஒரே தாளமாகிவிட்டது. அந்தத் தாளம் அக்காவுக்குத் தையல் மெஷின் சத்தம்போல மனப்பாடம்.

"அக்கா, கண்ணத் தொற. நான் தொடவே இல்ல."

அக்கா கண்ணைத் திறந்து, மடியில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளுக்கு வரவேண்டிய வெட்கம் அவளுக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. "தொட்டா என்ன, தொடலைன்னா என்ன? பத்துன்னு எழுது. மூணாவது ஆளா நான் வந்து நின்னா உன் படிப்பு என்னடி ஆவறது? நீதானே சொன்ன, மூணு வந்தா எல்லாம் நின்னுடும்னு?"

"எப்போலேருந்து?"

"மொத நாள்லேருந்து. காப்பி குடிச்சா தாடையில வழியறது தெரியல. அவ்வளவுதானே? கண்ணாடி வச்சுக் குடிக்கறேன். வெள்ளிக்கிழமை வந்தா அந்தப் பக்கத்தயும் முடிச்சுடுவோம், உனக்கு நாப்பது நெறஞ்சுடும்."

அளவுக்காரி எத்தனையோ பேரிடம் 'உதடு மரத்துப்போக நூற்றில் ஒன்றிரண்டு வாய்ப்பு உண்டு' என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அந்த ஒன்றிரண்டு பேர் கண்ணாடி முன்னால் நின்று காப்பி குடிப்பார்கள் என்று எந்தப் படிவமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மறுபக்கமும் போனால் அக்காவுக்குக் கீழுதடே இல்லாத மாதிரிதான்.

அவள் நேரே பெரியவர் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாரும்மா, அவங்க உன் அக்கா. உறவுக்காரங்கள ஆய்வுல சேர்க்கவே கூடாது, இல்லையா? விதி அதுதானே? அப்ப அவங்க இதுல இல்லவே இல்ல. நாப்பதாம் நம்பர அடிச்சுடு. வேற ஆளு நானே புடிச்சுத் தரேன், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். மரத்துப்போன ரெண்டு பேரு ரெண்டு பேராவே இருப்பாங்க."

"அப்ப அக்கா உதடு, சார்?"

"அது வைத்தியம். தனியாப் பார்ப்போம், நரம்பு வந்தாலும் வரும். ஆய்வு வேற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, எழுதித்தான் ஆவேன்னா எழுது. சொந்த அக்காவை நீயே சேர்த்து நீயே சோதிச்சேன்னு அதுல வரும். குழு மொதல்ல உன்னத்தான் கேட்கும். மத்த முப்பத்தொம்பதையும் யாரும்மா நம்புவாங்க?"

படிவத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எழுதினால் அவள் போனாள். எழுதாவிட்டால் அக்கா போனாள். குணமாகி அல்ல, அவளுக்கு எதுவும் நடக்கவேயில்லை என்று கணக்கிலிருந்தே போனாள். அந்தச் சின்னக் கீறல் புத்தகத்தில் ஏறி, இன்னும் எத்தனை தாடைக்குப் போகுமோ? அந்த அறைக்கு இரண்டு கதவு இருந்தது. எதில் நுழைந்தாலும் இதே நாற்காலிக்குத்தான் திரும்பி வரவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் படிவத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அக்கா அந்த வெள்ளைத் துணியில் ரத்தக்கறை தெரியாமல் இருக்க ஒரு பூ வேலை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் உதட்டில் இல்லை, ஒரு சோப்புக் கட்டியில் குத்தியிருந்தன.

"அடிச்சுடச் சொல்றாரா? நல்ல மனுஷன். அடிச்சுடு," என்றாள் அக்கா.

"அடிக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இத்தன வருஷம் நான் எதுக்கு மெஷின மிதிச்சேன்?"

"பொய்யா அளக்கறதுக்கா மிதிச்ச?" அவளுக்கு அழுகை முட்டியது. "உன்ன அடிச்சுட்டா அந்தக் கீறல் நல்ல கீறல்னு ஆயிடும் அக்கா. நாளைக்கு உன்ன மாதிரி ஊசி கவ்வற இன்னொருத்தி வந்து உட்காருவா. அவளுக்கும் நாந்தான் பஞ்சு வைக்கணும். உனக்குப் போட்டது எந்தக் கீறலோ எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்சுக்கத்தானே இந்த உறை, இந்த நம்பர் எல்லாம்? எனக்குப் பயமா இருக்கு அக்கா. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா அடிக்க முடியல."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வலது பக்கப் பல்லால். பிறகு துணியை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, வா. வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன், வேறென்ன பண்றது? இந்தத் தடவ மனசுக்குள்ள எண்ண மாட்டேன். சத்தியமா. தொட்டாத்தான் சொல்லுவேன்."

அளவுக்காரி முதலில் பேனாவை எடுத்து, காலியாகக் கிடந்த 'உறவு' கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினாள். பிறகு பஞ்சைத் திரித்தாள். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். இந்தமுறை இடைவெளியை மாற்றி மாற்றித் தொட்டாள், புத்தகத்தில் இருப்பதுபோலவே. இடது பக்க உதட்டில், அதன் கீழே, முகவாயில், மறுபடி உதட்டில். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அக்கா காத்திருந்தாள். கடிகாரம் ஓடியது. அக்காவின் புருவம் மெல்லச் சுருங்கியது.

"என்னடி, ஆரம்பியேன்," என்றாள் கண்ணைத் திறக்காமலேயே. "எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கறது? எனக்குத் துணி கெடக்கு."

பத்து தொடலும் முடிந்து, பஞ்சு அவள் மடியில் கிடந்தது.